'யோசித்தோம்' என்று ஆங்கிலத்தில் எழுத எந்தச் சொல்?

சேலத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுக்க இன்னும் ஆள் தேவைப்படுகிறது. ஆட்சியரிடம் கொடுக்கும் மனு தமிழிலேயே போய்விடும். ஆனால் வங்கியின் மும்பைத் தலைமையகம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், செவ்வாய்பேட்டைக் கொலுசுக்கு ஆர்டர் கொடுக்கும் வடநாட்டு வியாபாரி, அழகாபுரத்து அடுக்குமாடிச் சங்கத்தின் தணிக்கையாளர் என்று வந்தால் ஆங்கிலம் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. எழுதியவர் எந்த வரியில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பது பார்த்தவுடனே தெரியும். 'யோசித்துப் பார்த்தோம்' என்றோ 'தாங்கள் யோசித்து முடிவு சொல்ல வேண்டும்' என்றோ வரும் வரிதான் அது.

ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் புரட்டினால் பெரிதாக உதவி கிடைப்பதில்லை. கன்சிடர், டெலிபரேட், கன்டெம்ப்ளேட், பாண்டர், ரிஃப்ளெக்ட் என்று எதை எடுத்தாலும் எதிரே 'சிந்தி, ஆலோசி, எண்ணிப்பார்' என்று ஏறக்குறைய ஒரே வரிசைதான் இருக்கும். எல்லாம் ஒன்றுதான் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, காதுக்குக் கனமாகக் கேட்கும் சொல்லை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். சொல் கனத்தால் யோசனையும் ஆழமாகத் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. இந்தச் சொற்களுக்குள் இருக்கும் வேறுபாடு ஆழத்தைப் பற்றியதே அல்ல. யோசிப்பவர் யார், முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, காரியம் நடந்து முடிந்ததா இனிமேல்தானா என்பவைதாம் சொல்லைத் தீர்மானிக்கின்றன.

ஏற்காட்டில் சிறிய காபித் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர் வங்கிக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச், ஏப்ரலில் காபி பூப்பதற்கு வேண்டிய மழை சரியாக இறங்கவில்லை, விளைச்சல் குறைந்துவிட்டது, தவணை கட்ட அவகாசம் வேண்டும். தம் கோரிக்கையை வங்கி மேலாளர் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். இங்கே கன்சிடர் தவிர வேறு சொல்லுக்கு இடமில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர், தம் முன் வைக்கப்பட்ட ஒன்றை, ஆம் அல்லது இல்லை என்று சொல்வதற்காக எண்ணிப் பார்ப்பதை அந்தச் சொல் குறிக்கும். அரசு அலுவலகத் தமிழில் 'பரிசீலித்தல்' என்கிறோமே, அதுதான். பாண்டர் செய்யுங்கள் என்று எழுதினால், மேலாளர் நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தபடி இந்தக் கடனைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கலாம் என்று அர்த்தமாகும். பதில் சொல்லும் கடமை அந்தச் சொல்லில் இல்லை. டெலிபரேட் செய்யுங்கள் என்று எழுதினால் மேலாளர் தமக்குத் தெரியாமல் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுவார்.

கன்சிடர் எளிய சொல்லாகத் தோன்றுவதால் அதன் இலக்கணத்தை யாரும் கவனிப்பதில்லை. தமிழில் ஒன்றைப் 'பற்றி' யோசிக்கிறோம். அந்தப் 'பற்றி' ஆங்கிலத்துக்கும் நம்முடனே வந்துவிடுகிறது. 'கன்சிடர் அபவுட்' என்று எழுதிவிடுகிறோம். கன்சிடருக்கு அபவுட் கிடையாது. கோரிக்கையை நேராகவே செயப்படுபொருளாக வைக்க வேண்டும். டிஸ்கஸ் என்ற சொல்லிலும் நம்மவர்கள் செய்வது இதே பிழைதான். இன்னொன்று, கன்சிடருக்குப் பின்னால் ஒரு செயல் வந்தால் அது 'இங்' என்று முடியும் வடிவில்தான் வர வேண்டும். வீடு வாங்க யோசிக்கிறோம் என்பதில் உள்ள 'வாங்க' நம்மை 'டு பை' என்று எழுதத் தூண்டும். 'பையிங்' என்பதே சரி.

இந்தச் சொல்லுக்கு இரண்டாவது முகம் ஒன்றும் உண்டு; அது 'கருதுதல்'. இவரை நேர்மையானவராகக் கருதுகிறோம் என்பதற்கும் கன்சிடர்தான். இங்கே யோசனை நடந்து முடிந்து, அபிப்பிராயம் உறைந்துவிட்டது. பரிசீலிப்பவர் இன்னும் முடிவு செய்யவில்லை, கருதுபவர் முடிவு செய்துவிட்டார். இரண்டுக்கும் ஒரே சொல் என்பது ஆங்கிலத்தின் விசித்திரம். தமிழில் இரண்டும் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. எனவே கடிதத்தின் தமிழ் வாக்கியத்தில் 'பரிசீலி' பொருந்துகிறதா, 'கருது' பொருந்துகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கருது என்றால் பின்னால் 'ஆஸ்' போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போட்டு எழுதுகிறவர்கள் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். போடாமல் எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

கன்சிடரின் உறவுக்காரர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கன்சிடரபிள் என்றால் 'கணிசமான'. கன்சிடரேட் என்றால் பிறர் மனம் நோகாமல் நடந்துகொள்பவர். யோசனைக்கும் இவற்றுக்கும் இன்று தொடர்பு அறுந்துவிட்டது. எல்லாவற்றிலும் ஆபத்தானது கன்சிடரேஷன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு இந்தச் சொல்லை ஒப்பந்தத்தில் ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கும் மறுபயன் என்ற பொருளில் வரையறுக்கிறது. மறுபயன் இல்லாத உடன்பாடு, சில விலக்குகள் தவிர, செல்லாது என்கிறது அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு. ஏற்காட்டில் எஸ்டேட் கைமாறும் ஆங்கிலப் பத்திரத்தில் 'இன்ன தொகை கன்சிடரேஷனுக்காக' என்று வந்தால், அது நம் கிரயப் பத்திரத்தில் வரும் கிரயத் தொகை. விற்பவர் அந்தத் தொகையை ஆழ்ந்து யோசித்தார் என்று பொருள்கொண்டு, பத்திரத்தை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'டேக் இன்டு கன்சிடரேஷன்' என்றால் கணக்கில் எடுத்துக்கொள்வது; 'இன் கன்சிடரேஷன் ஆஃப்' என்றால் பெரும்பாலும் அதற்கு ஈடாக என்று பொருள். நடுவில் உள்ள ஒரு சிறு சொல் மாறியதும் யோசனை பணமாகிவிடுகிறது.

இனி டெலிபரேட். படித்தவர்களுக்கு இந்தச் சொல்மீது ஒரு மோகம். காரணம் புரிகிறது, அதில் ஒரு சபை மிடுக்கு இருக்கிறது. லத்தீனில் தராசைக் குறிக்கும் லிப்ரா என்ற சொல்லோடு இதன் வேரைச் சேர்த்துச் சொல்கிறார்கள். பாண்டர் என்பதும் எடையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நாம் 'சீர்தூக்கிப் பார்த்தல்' என்று சொல்லும்போது கையில் பிடித்திருப்பதும் அதே தராசு. ஆனால் செவ்வாய்பேட்டையில் வெள்ளி நிறுக்கிறவர் தட்டு நின்றதும் எடையைச் சொல்லிவிடுவார். டெலிபரேட் என்ற சொல் தட்டுகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் நேரத்தை மட்டுமே குறிக்கும். முடிவு வந்ததா என்பதை அது சொல்லாது. சங்கம் இரண்டு மணி நேரம் டெலிபரேட் செய்தது என்று எழுதி நிறுத்தினால், படிப்பவர் அடுத்த வரிக்காகக் காத்திருப்பார்.

இது பெரும்பாலும் பலர் கூடிச் செய்யும் காரியம். தனி ஒருவர் டெலிபரேட் செய்யக் கூடாது என்று விதி இல்லை. ஆனால் சொல்லின் வாசனை கூட்டத்தினுடையது. வழக்கு விசாரணை முடிந்து ஜூரர்கள் தனி அறைக்குப் போய்த் தங்களுக்குள் பேசுவதற்கு ஆங்கிலத்தில் இதுதான் வழக்கமான சொல். நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி முறைக்கு இடமில்லாமல் போய்விட்டதால், இந்தப் பயன்பாடு நமக்கு அமெரிக்கத் தொடர்கள் வழியாகவே தெரிகிறது. நமக்கு நெருங்கிய உதாரணம் அரசியல் நிர்ணய சபை. 1946 டிசம்பர் 9 அன்று கூடி, 1949 நவம்பர் 26 அன்று அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொள்ளும் வரை அந்தச் சபை செய்ததுதான் டெலிபரேஷன். வாதம், திருத்தம், எதிர்வாதம், வாக்கெடுப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். அன்றைய சேலம் ஜில்லாவில் இருந்த குமாரமங்கலத்தின் ஜமீன்தாரர் ப. சுப்பராயனும் அதன் உறுப்பினர். அந்தச் சபை இந்தியாவின் எதிர்காலத்தை பாண்டர் செய்தது என்று ஒருவர் எழுதினால், அத்தனை பேரும் ஆளுக்கொரு ஜன்னலோரம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்ததாகத் தோன்றும்.

சேர்வாராயன் மலைக் கிராமமோ நகரத்துச் சங்கமோ, கூட்டக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு மூன்று சொற்களுக்கிடையில்தான் போட்டி: டிஸ்கஸ், கன்சிடர், டெலிபரேட். அடுக்குமாடியில் லிஃப்ட் பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்டைப் பற்றி ஆளுக்கு ஆள் குறை சொன்னார்கள், செயலாளர் பதில் சொன்னார். இது டிஸ்கஸ், பேச்சு நடந்தது, அவ்வளவே. மூன்று நிறுவனங்கள் கொடுத்த விலைப்புள்ளிகள் மேசைமேல் வைக்கப்பட்டன, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இது கன்சிடர். முன்னால் ஒரு காகிதம், ஒரு விண்ணப்பம், ஒரு தொகை இருக்கிறது. பழைய லிஃப்டையே சரிசெய்வதா, புதிது போடுவதா, மேல்மாடிக்காரர் அதிகம் கொடுக்க வேண்டுமா, தரைத்தளத்துக்காரர் கொடுக்கவே வேண்டாமா என்று இரண்டு பக்கமும் நியாயம் பேசித் தூக்கிப் பார்த்தார்கள். இதுதான் டெலிபரேட். பிறகு தீர்மானம். ஒரே கூட்டத்தின் குறிப்பில் மூன்று சொல்லும் அதனதன் இடத்தில் வந்தால், கூட்டத்துக்கு வராதவருக்குக்கூட அங்கே என்ன நடந்தது என்று புரிந்துவிடும். மூன்றுக்கும் டிஸ்கஸ் என்றே எழுதும் குறிப்பேடுகள்தாம் அதிகம். அவற்றைப் படித்தால் பேச்சைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை என்றே எண்ணத் தோன்றும் (சில சங்கங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம்).

இலக்கணத்திலும் டெலிபரேட் வேறு இனம். கன்சிடர் போல நேராகப் பொருளைப் பிடித்துக்கொள்ளாது. பொதுவாக 'ஆன்', 'ஓவர்' போன்ற சொல்லோ, இதுவா அதுவா என்று கேட்கும் 'வெதர்' என்ற சொல்லோ நடுவில் நிற்கும். அபவுட்டைச் சேர்த்தாலும் பாதகமில்லை. கன்சிடரிடம் துரத்தப்பட்ட 'பற்றி'க்கு இங்கே திண்ணையில் இடம் கிடைக்கிறது.

வினைச்சொல்லாக நிற்கும்வரை டெலிபரேட் சாது. பெயரடையாகவும் வினையடையாகவும் மாறும்போதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. எழுத்து அதேதான், உச்சரிப்பு மாறுகிறது. வினை என்றால் கடைசி அசை 'ரேட்' என்று நீளும்; பெயரடை என்றால் 'ரட்' என்று குறுகிவிடும். அதைவிட முக்கியம், பொருள் மாறிவிடுகிறது. பெயரடைக்கு 'அவசரப்படாத, நிதானமான' என்ற பொருள் உண்டு. ஆனால் இன்று பெரும்பாலோர் காதில் முதலில் விழுவது 'வேண்டுமென்றே செய்த' என்ற பொருள். மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-ஏ பிரிவில் 'டெலிபரேட் அண்ட் மலீஷியஸ்' என்ற இணைதான் நோக்கத்தைக் குறிக்கிறது. அந்தப் பிரிவு 1927-இல் சேர்க்கப்பட்டது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆம் பிரிவாக இருக்கிறது. சட்டத்திலேயே குற்ற எண்ணத்தோடு தோளில் கைபோட்டு நிற்கும் சொல்லை, விளக்கக் கடிதத்தில் நம்மை நல்லவராகக் காட்டுவதற்காகப் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய விபரீதம்!

நடக்கிறது. ஓர் ஆலையில் எடை வித்தியாசம் வந்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருந்தார்கள். எடை போட்டவர் எழுதிக்கொண்டு வந்த பதிலில், மூட்டைகளை 'டெலிபரேட்லி' நிறுத்ததாக ஒரு வரி. 'நிதானமாகத்தானே செய்தேன் ஐயா, அதைத்தான் எழுதியிருக்கிறேன்' என்று அவர் சாதித்தார். படிக்கிற அதிகாரிக்கு, வேண்டுமென்றே ஏதோ செய்ததை ஒப்புக்கொள்கிறார் என்று தோன்றிவிடும். 'கேர்ஃபுலி' என்று மாற்றிக் கொடுத்தேன். 'மெதுவாகவும் டெலிபரேட்லியாகவும் பேசினார்' என்று பக்கத்தில் இன்னொரு சொல் துணைக்கு நின்றால் நிதானம் என்ற பொருள் காப்பாற்றப்படும். தனியாக நிற்கும்போது காப்பாற்ற யாரும் இல்லை. எனவே மெமோவுக்குப் பதில், காவல் நிலையப் புகார், காப்பீட்டு உரிமைக் கோரிக்கை ஆகிய மூன்றிலும் இந்த வினையடையை, எதிராளி வேண்டுமென்றே செய்தார் என்று குற்றம் சாட்டும்போது தவிர, தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.

பெயர்ச்சொல்லாக்கினால் மறுபடியும் கௌரவம் திரும்பிவிடுகிறது. 'ஆஃப்டர் மச் டெலிபரேஷன்' என்ற தொடர் வேலையை விடும் கடிதத்துக்கு மிகப் பொருத்தம். தனி ஆள் எழுதினாலும் தவறில்லை. நீண்ட நாள் இரு பக்கமும் தூக்கிப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன், கோபத்தில் எழுதவில்லை என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடும். இதே இடத்தில் 'ஆஃப்டர் கேர்ஃபுல் கன்சிடரேஷன்' என்றும் எழுதலாம். சற்றே குளிர்ந்த, அலுவலக வாடை அடிக்கும் தொடர். நிராகரிப்புக் கடிதங்களில் நிறுவனங்கள் இதைத்தான் போடுகின்றன. உங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தபின் வருந்துகிறோம் என்று வந்த கடிதத்தை ஒருமுறை வாங்கியவருக்கு அந்தத் தொடரே பிடிக்காமல் போய்விடும். மனிதர் மனிதருக்கு எழுதும் விலகல் கடிதத்தில் நான் முன்னதையே எடுப்பேன்.

கன்டெம்ப்ளேட் என்ற சொல்லை நம் அரசு ஊழியர்கள் அகராதியில் பார்த்ததைவிட ஆணையில் பார்த்ததே அதிகம் இருக்கும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(e) என்றால் பணியிடை நீக்கம் என்று எல்லாருக்கும் தெரியும். கடுமையான குற்றச்சாட்டுகளின் மேல் விசாரணை கன்டெம்ப்ளேட் செய்யப்பட்டிருக்கும்போது, அல்லது நிலுவையில் இருக்கும்போது, ஒருவரைப் பணியிடை நீக்கம் செய்யலாம் என்கிறது அந்த விதி. இந்த இடத்தில் யாரும் ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருக்கவில்லை. 'உத்தேசித்திருக்கிறார்கள்', அவ்வளவுதான். இன்னும் தொடங்கவில்லை, தொடங்கும் எண்ணம் இருக்கிறது. கன்டெம்ப்ளேட்டின் நடைமுறைப் பொருள் இந்த உத்தேசமே. நடக்காத ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்பது.

ஏற்காட்டுத் தோட்டக்காரரிடமே திரும்புவோம். அராபிகா வகைக் காபிச் செடிகளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு தின்றுகொண்டிருக்கிறது. செடிகளைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்கு மாறலாமா, சில்வர் ஓக் மரங்களில் மிளகை மட்டும் ஏற்றிவிட்டு மற்றதை விட்டுவிடலாமா என்று அவருக்கு ஓர் எண்ணம். தோட்டக்கலை ஆலோசகருக்கு எழுதும்போது கன்சிடர் என்றால், இரண்டு மூன்று வழிகளை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறார் என்று பொருள். கன்டெம்ப்ளேட் என்றால், இந்த ஒரு பெரிய காரியம் அவர் மனத்தில் நிழலாடுகிறது, அதன் விளைவையும் அவர் பார்க்கிறார் என்று பொருள். ஆலோசனை வேண்டும் என்றால் முன்னது நல்லது. எதிரில் இருப்பவர் வழிகளை எடுத்துச் சொல்வார். பின்னதை எழுதினால் அவர் பெரும்பாலும் 'அவசரப்பட வேண்டாம்' என்று ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார். வேலையை விடுவது, சொத்தை விற்பது, மணவிலக்கு போன்ற பாரமான காரியங்களுக்கே இந்தச் சொல் இயல்பாக வரும். புது மிக்ஸி வாங்கக் கன்டெம்ப்ளேட் செய்கிறேன் என்றால் கேட்பவர் சிரிப்பார். கன்சிடரைப் போலவே இதற்கும் பின்னால் 'இங்' வடிவம்தான், அபவுட் இல்லை.

யோசனையே இல்லாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் கன்டெம்ப்ளேட் உண்டு. ரோமில் பறவைகளைப் பார்த்துச் சகுனம் சொன்னவர்கள் அதற்காக வரையறுத்து வைத்த இடத்தின் பெயரான டெம்ப்ளம்தான் இதன் வேர் என்பதால், பார்வை இந்தச் சொல்லோடு பிறந்தது. ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் இருட்டிய பிறகு கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருப்பவர் செய்வது அதுவே. அவர் பயணக் குறிப்பு எழுதினால் தாராளமாகப் பயன்படுத்தட்டும்.

ரிஃப்ளெக்ட் முகம் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. நடந்து முடிந்ததை எடுத்து, அதில் தனக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பது. 'ஆன்' அல்லது 'அப்பான்' கட்டாயம். அது இல்லாவிட்டால் கண்ணாடி பிரதிபலிப்பதாகிவிடும். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு நோக்க உரை எழுதும் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு மாணவி கொண்டுவந்த உரையில், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சோதனை தோற்ற அனுபவத்தைத் தான் 'ரூமினேட்' செய்ததாக எழுதியிருந்தாள். அசைபோடுதல் என்று தமிழில் யோசித்து, அகராதியில் அதற்கு நேராக இருந்ததைச் சரியாகவே எடுத்திருக்கிறாள். மாடு இரைப்பையிலிருந்து மேலே கொண்டுவந்து மெல்லுவதுதான் ஆங்கிலத்திலும் வேர்ப்பொருள்; இரண்டு மொழியும் ஒரே தொழுவத்தில் நிற்கின்றன. ஆனால் தமிழில் பழைய நினைவுகளை அசைபோடுவது இனிமையான காரியம். ஆங்கிலத்தில் உளவியல்காரர்கள் இந்தச் சொல்லை, கசந்த எண்ணத்தையே திரும்பத் திரும்ப நினைத்து மனச்சோர்வில் வீழ்வதற்குப் பயன்படுத்துகிறார்கள். அனுமதிக் குழுவில் அந்தத் துறைக்காரர் ஒருவர் இருந்துவிட்டால், சோதனை தோற்ற கதை வேறு கதையாகிவிடும். 'அம்மா, ரிஃப்ளெக்ட் போட்டுக்கொள்' என்றேன். கசப்பைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் புரூட் என்ற சொல் இருக்கிறது. நோக்க உரையில் அதற்கும் வேலை இல்லை.

பாண்டர், அதே பொருளுள்ள மல் (mull) இரண்டையும் நாளிதழ்களுக்கு விட்டுவிடலாம். தலைப்பில் இடம் குறைவு. கன்சிடரிங் என்று எழுத இடம் இல்லாத பத்தியில் 'மல்ஸ்' அழகாக உட்கார்ந்துவிடுகிறது. புதிய வரி, புதிய பாலம் என்று அரசு எதை நினைத்தாலும் நம் ஆங்கிலப் பத்திரிகைகள் அதை மல் செய்யவைப்பது இதனால்தான். முழு வாக்கியத்தில் எழுதுபவர் அதன் பின்னால் ஓவர் சேர்ப்பது வழக்கம். பாண்டருக்குக் கதையிலும் கட்டுரையிலும் மதிப்பு இருக்கிறது, விண்ணப்பத்தில் இல்லை. சிந்திப்பதைக் குறிக்கும் காஜிடேட் (cogitate) என்ற சொல்லை இன்று பெரும்பாலும் கேலிக்குத்தான் எழுதுகிறார்கள்.

எனக்கு உண்மையில் பிடித்தவை இந்தப் பட்டியலிலேயே சேராத எளிய இணைகள்: திங்க் ஓவர், திங்க் த்ரூ. கொலுசு வியாபாரிக்குப் புதிய டிசைனின் விலையை அனுப்பிவிட்டு, 'நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்' என்று முடிக்க வேண்டும். 'ப்ளீஸ் திங்க் இட் ஓவர்' என்பதில் நெருக்கடி இல்லை. பல காலம் பழகியவர்கள் பேசிக்கொள்ளும் தொனி இருக்கிறது. அதே இடத்தில் கன்சிடர் என்றால் கை கூப்பிக் கேட்பதுபோல ஆகி, விலையில் இன்னும் கொஞ்சம் இறங்குவார் போலிருக்கிறது என்று எதிராளி நினைப்பார். பேரத்தில் இது சில்லறை விஷயம் இல்லை. திங்க் த்ரூ என்பதில் ஒரு முழுமை உண்டு. முதல் கண்ணியிலிருந்து கடைசி விளைவுவரை ஒன்றையும் விடாமல் யோசித்துக் கடந்துவிட்டேன் என்று பொருள். திட்ட அறிக்கையில் 'செலவுகளை முழுக்க யோசித்துவிட்டோம்' என்று சொல்ல இதைவிட நல்ல தொடர் எனக்குத் தெரியாது. கனமான சொல் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், 'வெய்' என்ற சொல்லைக் கொடுத்துவிடுவேன். எடை போடுவது என்று சிறுவருக்கும் புரியும், பெரியவருக்கும் மரியாதையாக இருக்கும்.

அகராதி விஷயத்திலும் ஒரு தேர்வு இருக்கிறது. ஆங்கிலம்–தமிழ் அகராதி பொருளைச் சொல்லும். பின்னால் 'இங்' வருமா, 'ஆன்' வருமா என்று சொல்லாது. அயல்மொழிக்காரர்களுக்காக ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட கற்போர் அகராதிகள் இந்த வேலைக்காகவே பிறந்தவை. அவற்றில் புகழ்பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஹார்ன்பியும் அவருடைய சகாக்களும் தொகுத்தார்கள். 1942-இல் டோக்கியோவில் முதலில் வெளிவந்தது, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துக்கொண்டது. ஜப்பானிய மாணவர் எந்த இடத்தில் தடுமாறினாரோ ஏறக்குறைய அதே இடத்தில்தான் சேலத்து மாணவரும் தடுமாறுகிறார் என்பதால் அது நமக்கும் பயன்படுகிறது. சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திக்கொண்டிருந்த இராஜாஜி 1916-இலேயே அறிவியல் சொற்களுக்குத் தமிழ் தேட ஒரு சங்கம் ஏற்படுத்தினார். ரசாயனத்துக்கும் தாவரவியலுக்கும் அன்று கிடைத்த அந்தக் கவனத்தில் கொஞ்சம் இந்த யோசனைச் சொற்களுக்கும் கிடைத்திருந்தால் என் மேசையில் வேலை குறைந்திருக்கும். ஒரே ஒரு அகராதிதான் வாங்க முடியும் என்றால் கற்போர் அகராதியை வாங்குங்கள். தமிழ்ப் பொருளைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். வாக்கிய அமைப்பை அங்கே தேடிப் பிடிப்பது சிரமம்.

கடைசியாக, பதில் வராத கடிதங்களின் சங்கதி. வங்கிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ எழுதி, 'அண்டர் கன்சிடரேஷன்' என்று ஒரு வரிப் பதில் வந்து, பிறகு மௌனம். நினைவூட்ட எழுதுபவர்கள் பெரும்பாலும் 'ரீகன்சிடர்' செய்யுங்கள் என்று எழுதிவிடுகிறார்கள். மறுபடியும் கேட்கிறோமே, அதனால் 'ரீ' சேர்க்க வேண்டும் என்ற எண்ணம். ரீகன்சிடர் என்றால் எடுத்த முடிவை மாற்றிக்கொள்ளுங்கள் என்று பொருள். உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டதாக நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகும். கோப்பை வைத்திருப்பவருக்கு அதைவிட வசதி வேறில்லை. மறுப்பு எழுத்தில் வந்த பிறகுதான் அந்தச் சொல். அதற்கு முன்னால் எழுதும் நினைவூட்டலில் யோசனைச் சொல் எதுவுமே வேண்டாம். முந்தைய கடிதத்தின் தேதியையும் எண்ணையும் குறிப்பிட்டு, முடிவு எடுக்கப்பட்டுவிட்டதா, எடுக்கப்படவில்லை என்றால் எப்போது எதிர்பார்க்கலாம் என்று இரண்டே வரியில் கேட்டு அனுப்புங்கள்.